சர்க்கார் துணி

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்து மண்ணடிக் கிடங்கிலிருந்து மயிலாப்பூருக்கு ஒரு கைலிக் கட்டுகூட வரவில்லை. கச்சேரி ரோட்டிலிருந்து பள்ளிவாசலை ஒட்டி உள்ளே போகும் சந்தில் பதினோரு வீடுகள். பதினோரு வீட்டுப் பெண்களுக்கும் கைலி மூட்டுவதுதான் தொழில். தறியிலிருந்து நீளத் துணியாக வருவதை இரண்டு முனையும் சேர்த்துத் தைத்து, மடித்து, இருபது இருபதாகக் கட்டிக் கொடுத்தால் அது கப்பலேறி ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும், பெயர் வாயில் நுழையாத வேறு ஊர்களுக்கும் போய்விடும். சண்டைக் காலத்தில் ஒருமுறை நின்றது. சண்டை ஓய்ந்ததும் முன்னைவிட வேகமாக வந்தது. இப்போது சண்டை ஒன்றும் இல்லை, சுதந்திரம் வந்து இரண்டு வருஷமும் ஆகிவிட்டது. ஆனாலும் நின்றுவிட்டது.

அமீனா பீயின் புருஷன் வலியுல்லா அதே கிடங்கில் துணியை அமுக்கி பேல் மூட்டையாகக் கட்டுகிறவன். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கே திரும்பி வந்தான். கையில் கொண்டுபோன சோற்றுத் தூக்கு திறக்காமல் இருந்தது.

"இன்னா ஆச்சு?" என்றாள் அமீனா.

"ஒலகம் பூரா வாங்கறதுக்கு ஆள் இல்லியாம். கிடங்குல கூரை முட்ட சரக்கு கீது. மொதலாளி நாலு பேர வெச்சிக்கினு மீதிப் பேர வூட்டுக்குப் போ சொல்ட்டாரு."

"நீங்க?"

"மீதில ஒர்த்தன்."

அமீனா தூக்கை வாங்கி உள்ளே வைத்தாள். அதில் இருந்தது ரேஷன் அரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். அதையே மத்தியானம் மூன்று பேரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் வலியுல்லாவின் தங்கை ஜைதூன் பீ. புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அண்ணன் மனைவியை மச்சி என்றுதான் கூப்பிடுவாள். சாப்பிட்டு முடித்து மூவரும் கை கழுவினார்கள். பிறகு ஜைதூன் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "மச்சி, மெஷினுக்கு எண்ண போட்டு எத்தினி நாளாச்சு?"

"துணியே இல்ல, எண்ண எதுக்கு?"

"துரு புடிக்கும் மச்சி."

அமீனா எழுந்துபோய் எண்ணெய் விட்டாள்.

பத்து நாள் கழித்து சித்ரகுளத்துப் பக்கமிருந்து அபயாம்பாள் வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ரவிக்கை தைக்கக் கொடுத்து வாங்கிப் பழக்கம். அன்று ரவிக்கைத் துணி எதுவும் கொண்டுவரவில்லை. கையில் ஒரு பேப்பர் இருந்தது.

"அமீனா, இதைக் கேளு. தறிக்காராள்ட்ட தேங்கிப்போன துணியெல்லாம் சர்க்காரே வாங்கிண்டுடுத்து. வாங்கலேன்னா தறி எல்லாம் நின்னு போயிடுமாம். இப்போ வாங்கின துணியை என்ன பண்றதுன்னு, ஆஸ்பத்திரிக்கு அங்கி தைக்கச் சொல்லிருக்கா. அதுவும் பொம்மனாட்டிகள் சங்கத்துக்குத்தான் குடுப்பாளாம். ஏற்கெனவே ரெண்டு சங்கம் வாங்கிண்டுடுத்தாம். பத்துப் பேர் இருந்தாப் போறும், பதிஞ்சுக்கலாம்."

"எங்களுக்குக் குடுப்பாங்களா டீச்சரம்மா?"

"ஏன் குடுக்கமாட்டா? உனக்குத் தைக்கத் தெரியும். எனக்கு எழுதத் தெரியும். நானே காரியதரிசியா இருக்கேன்."

"உங்க வூட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"எங்காத்துல எல்லாத்துக்கும்தான் சொல்லுவா," என்றாள் அபயாம்பாள். "நீ ஆளைச் சேரு."

சந்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். இரண்டு வீட்டில் ஆண்கள் ஒப்பவில்லை. அபயாம்பாளோடு பத்து ஆயிற்று. கைத்தொழில் இலாகா இன்ஸ்பெக்டர் ஸ்ரீனிவாசராகவன் வந்து, அமீனாவின் முன்னறையில் இருந்த மெஷினைப் பார்த்து, இன்னும் நாலு வீட்டு மெஷினைப் பார்த்து, எழுதிக்கொண்டு போனார். குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறவர். கண்டிப்பும் நேர்மையும் உள்ள மனிதர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அந்தத் துணியிலேயே கொஞ்சம் கொடுத்து, மாதிரிக்கு ஒரு அங்கி தைக்கச் சொன்னார். அமீனா தைத்தாள். பாஸாயிற்று. கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு மாட்டு வண்டி நிறையத் துணி வந்து இறங்கியது. தொள்ளாயிரம் கெஜம். அங்கிக்கு மூன்று கெஜம் வீதம் முந்நூறு அங்கி. மூன்று வாரத்தில் முடிக்க வேண்டும்.

துணி வந்த அன்று சந்தே கூடிவிட்டது. நஸ்ருன்னிசா மூன்று குழந்தைகளோடு வந்து, தான் துணிச் சுருள் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் புருஷன் சம்பாதிக்கப் பம்பாய் போய் எட்டு மாதமாகத் தகவல் இல்லை. அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

வலியுல்லா மட்டும் சிரிக்கவில்லை. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தான். காதருகே கொண்டுபோய் உதறினான். காகிதம் போலச் சடசடத்தது.

"கஞ்சி ஜாஸ்தி," என்றான்.

"அதனால இன்னா?"

"பதினாறு வருஷமா துணிய அமுக்கிக் கட்டிக்கினு கீறேன். இது தண்ணில பட்டா சுருங்கும். கைலின்னா பரவால்ல, இடுப்புல ஒரு மடிப்பு கொறயும், அவ்ளோதான். இது தச்ச துணி."

அமீனா உள்ளே போனாள். மாதிரி அங்கி வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஒன்று இருந்தது. அதை எடுத்து இஞ்சி டேப் வைத்துச் சரியாகப் பதினெட்டு அங்குலம் வெட்டினாள். பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, சலவைச் சோடா போட்டு, துண்டை அதில் அமுக்கி ஒரு மணி நேரம் வேகவிட்டாள். பிறகு அலசி, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி உலர்த்தி, மறுபடி டேப்பை வைத்தாள். ஜைதூன் எட்டிப் பார்த்தாள்.

"பதினேழு," என்றாள் அமீனா.

"ஒரு இஞ்சிதானே மச்சி."

"பதினெட்டுக்கு ஒண்ணு. அங்கி நீளத்துக்கு ரெண்டரை போவும். மார்லயும் போவும். ஆஸ்பத்திரில வெள்ளாவி வெக்காம வுடுவானா?"

மறுநாள் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அபயாம்பாளையும் அழைத்துக்கொண்டு, அமீனா இலாகா ஆபீசுக்குப் போனாள். தூறலில் பஸ்ஸுக்கு நின்று, நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தார்கள். ஸ்ரீனிவாசராகவன் இல்லை. ஜில்லாக்களில் சுற்றுப்பயணம் போயிருக்கிறார், வர இரண்டு வாரம் ஆகும் என்றார் குமாஸ்தா.

"துணி சுருங்குது சார்," என்றாள் அமீனா.

"குடுத்த அளவுல தைம்மா. அளவு தப்பா இருந்தாத்தான் வாங்க மாட்டோம். சுருங்கறது வேற விஷயம்."

"தச்சதுக்கு அப்பால சுருங்கினா யாருக்கு சார் அது ஒதவும்?"

"அதையெல்லாம் ஆர்டர்ல போடலியே." குமாஸ்தா நல்லவிதமாகத்தான் சொன்னார். அவருக்கு மேசை நிறையக் காகிதம் இருந்தது.

அன்று சாயங்காலம் பத்துப் பேரும் அமீனாவின் முன்னறையில் உட்கார்ந்தார்கள். மழை வலுத்திருந்தது. துணித் தான்கள் நனையாமலிருக்க நடுவில் அடுக்கி, அதைச் சுற்றிப் பெண்கள். அமீனா சுருங்கிய துண்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் மொதல்ல வேவ வெச்சி, காய வெச்சி, அப்பால வெட்டணும்," என்றாள். "துணி கொறயும். முந்நூறு வராது. இரநூத்தி எண்பதோ என்னமோதான் வரும்."

நஸ்ருன்னிசாதான் முதலில் பேசினாள். "நீ சொல்றது நாயம்தான் அக்கா. ஆனா முந்நூறு தைன்னாங்க. கொறச்சிக் குடுத்தா கூலியப் புடிப்பான். சர்க்கார் துணிய கேக்காம தண்ணில போட்டதுக்கு கேசு போட்டா யார் போறது? எம் புள்ளைங்க மக்காச்சோளக் கஞ்சி குடிச்சிக் குடிச்சி வயித்தால போய்க்கினு கீது. குடுத்த அளவுல தச்சிக் குடுத்துட்டு கூலி வாங்குவோம். சுருங்கினா சர்க்கார் பாடு."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பது அமீனாவுக்குத் தெரியும்.

"நஸ்ரு, அந்த அங்கிய யாரு போடப் போறாங்க?" என்றாள் அமீனா.

"சீக்காளிங்கோ."

"பிரசவ வார்டு பொம்பளைங்கோ. ஆர்டர்லயே போட்டுக்கீது, டீச்சரம்மா படிச்சாங்க. அவ எழுந்து நிக்க முடியாம படுத்துக்கினு கெடப்பா. டாக்டர் வருவாரு, வார்டு ஆளு வருவான். அங்கி முட்டிக்கு மேல ஏறிக்கினு கெடந்தா, இழுத்து வுட்டுக்க அவளுக்குத் தெம்பு இருக்குமா? நாம தெருவுல போறதுக்கே துப்பட்டி போட்டுக்கினு போறோம். நம்ம கையால தச்சி அவள அப்பிடி வெக்கணுமா?"

ஜைதூன் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். அபயாம்பாள்தான் தொண்டையைச் செருமினாள். "சங்கம்னா கை தூக்கித்தான் முடிவு பண்ணணும். நனைச்சுதான் வெட்டணும்ங்கறவா தூக்குங்கோ."

ஆறு கை எழுந்தது. நஸ்ருன்னிசாவின் கை எழவில்லை. அவள் குழந்தைகளை எழுப்பித் தோளில் போட்டுக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள்.

வலியுல்லா மறுநாள் விடிந்ததும் பள்ளிவாசலுக்குப் போய், நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பெரிய அண்டாக்கள் இரண்டைக் கேட்டு வாங்கி உருட்டிக்கொண்டு வந்தான். துணியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னதோடு சரி, அதுவரை அவன் இதில் தலையிடவில்லை. கிடங்கு வேலை போனதிலிருந்து சந்தில் தலைகுனிந்தே நடந்தவன், அண்டா உருளும் சத்தத்துக்கு வீடு வீடாக ஆள் எட்டிப் பார்த்தும் நிமிர்ந்தே வந்தான். சந்துக் கடைசியில் தகரக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. அங்கே கல் கூட்டி அடுப்பு வைத்தார்கள். ஈர சவுக்குக் கட்டை பிடிக்காமல் புகைந்தது. கண் எரிய எரிய ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அமீனா. அப்போது அவளைத் தள்ளிவிட்டு ஒரு கை ஊதுகுழலைப் பிடுங்கியது. நஸ்ருன்னிசா.

"நீ எழுந்து போ அக்கா. ஒனக்கு அடுப்பு வராது."

"நீ கை தூக்கலியே?"

"தூக்கல. அதுக்கு இன்னா? நான் மெம்பரு இல்லியா?" என்றாள் நஸ்ருன்னிசா. ஊதின ஊதலில் கட்டை பற்றிக்கொண்டது.

கொதிக்கிற தண்ணீரில் துணியை இறக்கி, மூங்கில் கழியால் அமுக்கி, திருப்பி, ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கினார்கள். அண்டாத் தண்ணீர் பசையாகக் கெட்டிப்பட்டிருந்தது. ஜைதூன் அதைக் கழியால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அல்லாவே, நமக்கு அரிசிய அவுன்ஸ் கணக்கா அளக்கறான். துணிக்கு எவ்ளோ கஞ்சி பாரு மச்சி." எல்லோரும் சிரித்தார்கள். அந்த அரிசி தறிக்காரன் வீட்டுச் சோற்றிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று அமீனாவுக்குத் தோன்றியது. விற்காத துணிக்கு விற்கிற துணிபோல மினுமினுப்பு ஏற்றப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

துணியை வேகவைத்தது பெரிதில்லை, காய வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. இரண்டாம் நாள் வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்றார்கள். வானம் கீழே இறங்கிவிட்டது. சந்தில் பதினோரு வீட்டிலும், சங்கத்தில் சேராத இரண்டு வீடு உட்பட, குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் துணி தொங்கியது. குழந்தைகள் குனிந்து நடந்தார்கள். சமைக்கிற அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார்கள், அந்தச் சூட்டுக்காக. அப்படியும் முந்நூறு கெஜத்துக்கு இடமில்லை. ஈரத்துணி குவிந்து கிடந்தால் பூசணம் பிடித்துவிடும்.

அபயாம்பாள் வந்து பார்த்தாள். "எங்காத்துக் கூடம் நீளம். துணியை எடுத்துண்டு வாங்கோ," என்றாள்.

"டீச்சரம்மா, அய்யா..."

"நான் பேசிக்கறேன்."

வலியுல்லா கைவண்டியில் துணியைப் போட்டு, மேலே தார்ப்பாய் மூடித் தள்ளிக்கொண்டு போனான். அபயாம்பாளின் கணவர் சுவாமிநாதன் வாசலில் நின்றார். கைவண்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"ஆறு கொடியும் இதுக்கே போனா மடித்துணி எங்கே உலத்தறது?"

"மடிக்கு உசரத்துல ஒரு கொடி போறும்ன்னா. மீதி அஞ்சும் எனக்கு."

"யாராத்துத் துணி இது?"

"சர்க்கார் துணி. சொல்லப்போனா உங்க வரிப்பணம்."

சுவாமிநாதன் அதை யோசித்துப் பார்த்தார் போலிருக்கிறது. சற்று நேரத்தில் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, உயரக் கொடியை அவரே அவிழ்த்து இழுத்துக் கட்டினார். வலியுல்லா வாசலில் நின்றபடியே துணியை எடுத்துக் கொடுத்தான், அபயாம்பாள் உலர்த்தினாள். புயல் கரையேறாமல் வடக்கே நெல்லூர்ப் பக்கம் போய்விட்டது. ஐந்தாம் நாள் வெயில் அடித்தது.

அதற்குப் பிறகு நடந்தது முழுக்க மெஷின் சத்தம்தான். வலியுல்லா இஸ்திரி போட்டு அடுக்கினான். அமீனா சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்டினாள். ஐந்து மெஷின் ஓடியது. மற்றவர்கள் நாடா தைத்தார்கள், ஓரம் மடித்தார்கள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற நேரம்வரை வேலை. சாப்பாடு ஒரே பானையில். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், ஒரு நாள் யாரோ கொண்டுவந்த வஞ்சிரத் தலைக் குழம்பு. ஜைதூனின் ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிவிட்டது. துணியில் ரத்தம் படக்கூடாதென்று விரலை வாயில் வைத்துக்கொண்டே எழுந்து ஓடினாள். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். இருபத்தோராம் நாள் எண்ணிப் பார்த்தபோது இருநூற்று எண்பத்து மூன்று அங்கி இருந்தது. துணி தீர்ந்துவிட்டது.

வலியுல்லா அதைக் கப்பலுக்குக் கட்டுவதுபோல, மூலை பிசகாமல் பேல் கட்டினான்.

இலாகா ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ரீனிவாசராகவன் ஊர் திரும்பியிருந்தார். பேலைப் பிரித்து, நாலு அங்கியை அளந்தார். தையலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு எண்ணிக்கையைக் கேட்டதும் மாறிவிட்டது.

"பதினேழு எங்கேம்மா?"

அமீனா சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

"யாரைக் கேட்டுண்டு நனைச்சேள்?"

"உங்களத்தான் கேக்க வந்தோம் சார். நீங்க ஊர்ல இல்ல."

"நான் வர்ற வரைக்கும் காத்திண்டிருந்திருக்கணும்."

"காத்துக்கினு இருந்தா தேதி போயிருக்கும் சார்."

அவர் குடையைத் தட்டிக்கொண்டிருந்தார். "சர்க்கார் சொத்து. குறைஞ்ச துணிக்கு விலை பிடிச்சே ஆகணும். நான் விட்டாலும் தணிக்கைக்காரா விடமாட்டா. கூலியிலேர்ந்துதான் பிடிக்கணும். அடுத்த ஆர்டரும் சந்தேகம்தான்."

பின்னால் நின்ற நஸ்ருன்னிசா கண்ணை மூடிக்கொண்டாள்.

"புடிச்சிக்கோங்க சார்," என்றாள் அமீனா. "ஆனா ஒண்ணு. எங்க அங்கிய மத்தவங்க தச்சதோட கலக்காதீங்க. மேல சீட்டுல மயிலாப்பூர் சங்கம்னு எழுதி ஒட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. அது போதும்."

"எதுக்கு?"

"வெள்ளாவி வெச்சி எடுத்தப்புறம் எது யாரு தச்சதுன்னு அவங்களுக்குத் தெரியணும்."

அவர் குடையை மேசைமேல் வைத்துவிட்டு, சீட்டு எழுதி ஒட்டினார்.

பிடித்ததுபோக வந்த கூலியைப் பத்துப் பங்காக்கினார்கள். ஒரு வாரத்துக்கு ஆயிற்று. பிறகு பழையபடி வெறும் மெஷின். அடையாறில் புதிதாகக் காலனி கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வலியுல்லா அஸ்திவாரம் தோண்டப் போனான். பேல் அமுக்கிய கைக்கு மண்வெட்டி புதிது. உள்ளங்கை கொப்புளித்து வந்தான். "இன்னா, நாளைக்குப் போவலியா?" என்று ஜைதூன் கேட்டாள். "போவாம? தோண்டி முடிக்கற வரைக்கும் போவேன்," என்றான். அமீனா வேப்பெண்ணெய் தடவிவிட்டாள். சந்தில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே சில நாள் சொல்வதைவிட அதிகமாக வலித்தது. நஸ்ருன்னிசாவின் குழந்தைகளை மட்டும் தினமும் ஒரு வேளை தன் வீட்டிலேயே சாப்பிட வைத்தாள்.

மார்கழி இரண்டாம் வாரம், காலை ஒன்பது மணிக்கு ஸ்ரீனிவாசராகவன் தாமே சந்துக்குள் வந்தார். அபயாம்பாளைப் பள்ளிக்கூடத்துக்குப் போகவிடாமல் கையோடு அழைத்து வந்திருந்தார். சேதி பரவி மற்றப் பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"மத்த ரெண்டு சங்கத்து அங்கியும் ஒரே சலவையில சுருங்கிப் போயிடுத்தும்மா," என்றார். "போட முடியலேன்னு திருப்பிட்டா. கைத்தறியே வேண்டாம், மில் துணிதான் வேணும்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுதற அளவுக்கு வந்துடுத்து. அப்படி எழுதியிருந்தா, தறிக்காராள்ட்ட இனிமே துணி வாங்கறதே நின்னிருக்கும். உங்க அங்கியைக் காட்டித்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்." பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "ஆயிரம் அங்கி. நனைச்சு உலர்த்தின பின்னால வெட்டணும்னு ஆர்டர்லயே போட்டாச்சு. கையெழுத்துப் போடுங்கோ."

வாசலில் சலசலப்பு எழுந்தது. யாரோ அழுதார்கள். அமீனா பேனாவை வாங்கவில்லை.

"புடிச்ச கூலி சார்?"

அவர் முகம் சுருங்கியது. "அது திரும்பி வராதும்மா. கணக்கு முடிஞ்சு போச்சு. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"சரி சார். அது போவட்டும். அங்கிக்கு எத்தினி கெஜம் போட்டுக்கீது?"

"மூணு. அதே அளவுதான்."

"அப்போ இந்தத் தபாவும் கொறயும். இந்தத் தபாவும் புடிப்பீங்க. கெஜத்துக்கு ரெண்டு இஞ்சி சேர்த்துக் குடுங்க. வேவ வெக்கற வெறகுக்கும் கூலிக்கும் தனியாக் குடுங்க. இல்லாங்காட்டி கையெழுத்து போட மாட்டோம்."

'போட மாட்டோம்' என்றதும் அவர் வாசலைப் பார்த்தார். நஸ்ருன்னிசா முன்னால் வந்து, அமீனாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். ஜைதூன் இன்னொரு பக்கம்.

"எனக்கு அதுக்கு அதிகாரம் இல்லேம்மா. மேலே டைரக்டருக்கு எழுதிக் கேக்கணும்."

"எழுதுங்க சார்."

"ஆபீசுக்குப் போய்..."

"இங்கயே எழுதுங்க சார். ஆபீசுக்குப் போனா உங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும்." அமீனா மெஷின் மேலிருந்த நூல் கண்டுகளையும் கத்தரிக்கோலையும் ஒதுக்கினாள். பலகையை முந்தானையால் துடைத்து, முக்காலியை இழுத்துப் போட்டாள்.

ஸ்ரீனிவாசராகவன் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். கால் வைக்க இடமில்லாமல் மிதிப்பலகை மேல் வைத்தார். அது ஒரு தடவை கடகடவென்று ஆடி நின்றது. அபயாம்பாள் தன் பையிலிருந்து வெள்ளைக் காகிதம் எடுத்துக் கொடுத்தாள். அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"மயிலாப்பூர் மாதர் தையல் கூட்டுறவுச் சங்கத்தார் பணிவுடன் வேண்டிக்கொள்வது என்னவென்றால்..."

"சார்," என்றாள் அமீனா.

அவர் நிமிர்ந்தார்.

"வேண்டிக்கிறதுன்னு போடாதீங்க சார். கேக்கறோம்னு போடுங்க."

அவர் பேனாவை மேலே பிடித்தபடி அவளையும், அவளுக்குப் பின்னால் நின்றவர்களையும் பார்த்தார். பிறகு குனிந்து, எழுதின வரியின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, அடுத்த வரியில் மறுபடி ஆரம்பித்தார்.